நாங்கள் குத்திய மெடல்

நாடகக்காரர்களில் யார் பெரிய ஆள் என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முடிவான அளவு இருந்தது. குரல், வசனம், நடை என்று எல்லாவற்றையும் பேசிக் களைத்த பிறகு யாராவது ஒருவர், "அதெல்லாம் கெடக்கட்டும், எத்தனை மெடலு?" என்பார். பேச்சு அத்தோடு முடியும்.

இப்போது உள்ளவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நாளில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே ரசிகர்கள் மேடை ஏறி, தங்களுக்குப் பிடித்த நடிகரின் சட்டையில் மெடல் குத்துவார்கள். பாட்டு பாதியில் நிற்கும். ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிடுவார். இன்ன ஊர் இன்னார் அன்போடு அளித்தது என்று நாடகம் நடத்தும் காண்டிராக்டரின் ஆள் உரக்கச் சொல்வார். நடிகர் கும்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடுவார். அடுத்த ஊருக்கு வரும்போது பழைய மெடல்களையும் வரிசையாகக் குத்திக்கொண்டு வருவார். அவர் வாயைத் திறக்கும் முன்பே ஜனங்கள் நெஞ்சை எண்ணிவிடுவார்கள்.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டோரம் ஒரு காப்பி கிளப் இருந்தது. என் தங்கையை அந்த ஊரில்தான் கொடுத்திருந்தோம். நான் கோச்சடையில் இருந்தேன். ஆற்று மணலைக் கடந்து அவளைப் பார்க்கப் போனால், அவள் புருஷன் என்னை முதலில் காப்பி கிளப்புக்குத்தான் இழுத்துக்கொண்டு போவார். வயலில் நெல், தோட்டத்தில் கத்தரி, நல்ல உழைப்பாளி. ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் வீடு வாசல் மறந்துவிடும்.

மாப்பிள்ளை ஒரு மேடைப் பாடகரின் கட்சி. அந்தப் பாடகர் தெற்கே இருந்து வந்தவர், ராஜபார்ட் வேஷக்காரர். மேல்சுருதியில் ஏறி அங்கேயே நின்று கொட்டகையின் கடைசி வரிசைக்குச் சொல் சொல்லாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். எதிர்க்கட்சிக்கு ஒரு வைக்கோல் தரகர் தலைவர். அவருடைய ஆள் பேசும் படத்தில் நடித்தவர், பிளேட்டில் பாடியவர். காப்பி கிளப் முதலாளி கிராமபோனில் அந்தப் பிளேட்டை வைத்துவிட்டால் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்.

"பிளேட்டுல எவன் வேணும்னாலும் பாடலாம்யா. மூணு நிமிசம். எங்க ஆளு விடிய விடியப் பாடுவாரு" என்பார் மாப்பிள்ளை.

"விடிய விடிய நரியுந்தான் ஊளையிடுது. ஒங்க ஆளு மொகத்தை மதுரையத் தாண்டி எவனுக்குத் தெரியும்? எங்க ஆளை ரங்கூன்ல பாக்குறான், கொழும்புல பாக்குறான்."

"துணியில நெழலைப் பாக்குறான். ஆளையா பாக்குறான்?"

"நெழலுக்கே இம்புட்டு மவுசுன்னா ஆளுக்கு எம்புட்டு இருக்கும்! ரெண்டு பேரு நெஞ்சையும் பாரு மாப்ள. எங்க ஆளு நெஞ்சு நகைக்கடை. ஒங்க ஆளு நெஞ்சு அறுத்த வயக்காடு."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் முகம் கறுத்தது. நான் பெஞ்சின் ஓரத்தில் டம்ளரைப் பிடித்தபடி இருந்தேன். மேடைப் பாடகர்தான் பெரியவர் என்பதே என் எண்ணமும். ஆனால் நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பது ஒரு காரணம். பிறவியிலேயே கூச்சம் என்பது பெரிய காரணம்.

அந்த வருஷம் தை அறுப்பு முடிந்ததும், ஒரு காண்டிராக்டர் இந்த இரண்டு பேரையும் மதுரையில் ஒரே மேடையில் ஏற்றுவதாக நோட்டீஸ் போட்டார். முன்பாதிக்கு எங்கள் ஆள் ராஜபார்ட், பின்பாதிக்குப் படக்காரர். தரகர் காப்பி கிளப்பில் எழுந்து நின்று சொன்னார்: "நான் எங்க ஆளுக்குப் பச்சைக்கல்லு வச்ச மெடலு குத்தப் போறேன். விளாங்குடியில ஆம்பளை இருந்தா ஒங்க ஆளுக்கு ஒண்ணு குத்துங்கய்யா. இல்லைன்னா இனிமே இந்தப் பெஞ்சுல ஒக்காந்து பாட்டைப் பத்திப் பேசப்படாது."

அன்று மாலை மாப்பிள்ளை என்னோடு ஆறு வரை நடந்து வந்தார். மணலில் இறங்கும்போது சொன்னார்: "மச்சான், தங்கத்துல குத்தணும். வெள்ளியில குத்துனா அந்தாளு சிரிப்பான்."

"தங்கத்துக்கு எங்க போறது மாப்ள?"

"ஒந் தங்கச்சி தண்டட்டி இருக்குல்ல."

நான் நின்றுவிட்டேன். அது என் அம்மாவின் தண்டட்டி. அப்பா இறந்தபோது அம்மா காதிலிருந்து கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது. தங்கையின் கல்யாணத்துக்கு எங்களால் போட முடிந்த ஒரே பொன். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தங்கையிடம் அம்மாவுடையது என்று வேறு எதுவும் கிடையாது.

"நான் கேட்டாக் குடுக்காது. நீ கேட்டாக் குடுக்கும். அடுத்த வெள்ளாமையில புதுசே செஞ்சு போட்டுர்றேன். நான் என்ன ஓடியா போகப் போறேன்?" என்றார். அவர் என் தோளில் கை வைத்து, "மேடையில நான் ஏற மாட்டேன் மச்சான். நீதான் ஏறிக் குத்துற. ஒம் பேரைத்தான் சொல்லுவாக. அம்புட்டுப் பேரும் ஒன்னையப் பாப்பாக" என்றார்.

அந்த வார்த்தைக்கு நான் விழுந்தேன். ஊரில் என் பெயரை உரக்கச் சொன்னவர்கள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிட்டதுதான் கடைசி.

இரண்டு நாள் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வயலுக்குப் போயிருந்த நேரம். தண்டட்டியின் உள்ளே அரக்கு அடைத்திருக்கும். மேலே தங்கத் தகடு. "அரக்கு ஆடுற மாதிரி தெரியுது தாயி. தகடு நசுங்கிப் போகும். டவுன்ல நமக்குத் தெரிஞ்ச பத்தர்ட்டக் குடுத்து அரக்கு மாத்திக் கொண்டாந்து தாரேன்" என்றேன். நான் திக்காமல் பேசிய பேச்சு என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

அவள் தலையை ஆட்டிப் பார்த்தாள். "எனக்கு ஆடுறாப்புல தெரியலையேண்ணே" என்றாள். பிறகு, "நீ சொன்னாச் சரித்தான்" என்று கழற்றிக் கொடுத்தாள். பாரம் போனதும் வளர்த்த காது இரண்டும் கழுத்தை ஒட்டித் தொங்கின. வெட்கப்பட்டு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "வெரசாக் கொண்டாந்துருண்ணே. மூளிக்காதோட வெளிய தெருவுல போக முடியாது."

தெற்காவணி மூலவீதியில் பத்தர் அதை உலையில் வைத்தபோது அரக்கு பொசுங்கி நாறியது. வட்டமாக ஒரு மெடல் அடித்து, நடுவில் வீணை செதுக்கி, பின்னால் ஊசி வைத்துக் கொடுத்தார்.

நாடகத்தன்று கொட்டகையில் தரை டிக்கெட் ஆட்கள் வெளி வாசல் வரை உட்கார்ந்திருந்தார்கள். முன்பாதியில் எங்கள் ஆள் இரண்டாவது பாட்டில் ஏறி நின்றபோது மாப்பிள்ளை என் முதுகில் தள்ளினார். எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. காஸ் விளக்கில் கண் கூசியது. பாட்டு நின்றது. காண்டிராக்டரின் ஆள் குனிந்து என் பெயரைக் கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கீழேயிருந்து மாப்பிள்ளை ஊர்ப் பெயரைக் கத்தினார். காண்டிராக்டரின் ஆள் அதைப் பிடித்துக்கொண்டு சபையைப் பார்த்துத் திரும்பி, "விளாங்குடி ரசிகர்கள் அன்போடு அளிக்கும் மெடல்!" என்று கூவினார். என் பெயர் அங்கேயும் ஒலிக்கவில்லை. ஊசி இரண்டு முறை நழுவியது. ராஜபார்ட்காரரே என் விரலைப் பிடித்துக் குத்திக்கொண்டார்.

முன்பக்கமாக இறங்கினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று பின்பக்கம் படுதாவைத் தாண்டிப் போனேன். அங்கேயே ஒரு தூணோரம் ஒண்டிக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் முன்பாதி முடிந்து எங்கள் ஆள் உள்ளே வந்து ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். காண்டிராக்டரின் கையாள் ஒருவர் பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் நெஞ்சிலிருந்து மெடல்களைக் கழற்றி டப்பாவில் போட ஆரம்பித்தார். டப்பாவில் ஏற்கெனவே நிறையக் கிடந்தன. அதிலிருந்து பச்சைக்கல் வைத்த ஒன்றை எடுத்து, படுதா ஓரம் வந்து நின்ற ஒருவர் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு போனவர் வைக்கோல் தரகர். என்னை அவர் பார்க்கவில்லை.

"அது தங்கமில்லையா?" என்று கேட்டேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

கையாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பித்தாளைக்கு முலாம்ணே. நேத்துத் திருமங்கலத்துல இதே மெடலுதான், நாளைக்கி மேலூர்ல. பேரைச் சொன்னாப் போதும்னு ஊருக்கு ஒருத்தர் வந்து நிப்பாரு. நாங்க குடுக்குறதை எங்க ஆளுக்கே குத்திட்டுப் போவாரு. ரெண்டு ராஜபார்ட்டுக்கும் இந்த ஒரு டப்பாதான்." அப்படியே கடைசியாகக் கழற்றியதைக் கையில் எடை பார்த்தார். நகத்தால் கீறினார். "அண்ணே, இது நெசத் தங்கம்ணே! எந்தக் கிறுக்கன் குத்துனான்?"

ராஜபார்ட்காரர் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவி வர்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெடலைப் பார்க்காமலே, "அப்படியா? மேலாக வை" என்றார். டப்பாவின் மேலாக அது கிடந்தது. மூடவில்லை. நான் கையை நீட்டினால் எட்டும். அப்போது அவர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, என்ன வேணும்?" என்று கேட்டார். அதட்டலாக அல்ல, சாதாரணமாகத்தான் கேட்டார்.

அது என் அம்மாவின் தண்டட்டி, தெரியாமல் கொண்டுவந்துவிட்டேன், கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கொடுத்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கொடுக்காவிட்டாலும் கேட்டவன் ஆகியிருப்பேன். "ஒண்ணுமில்லீங்க. பாட்டு நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தங்கையிடம் அரக்கு இன்னும் இறுகவில்லை என்றேன். அடுத்த வாரம் பத்தருக்கு உடம்பு சரியில்லை என்றேன். அதற்கு அடுத்த வாரம் விளாங்குடிப் பக்கமே போகவில்லை. நான் மேடை ஏறித் தங்க மெடல் குத்திய கதையை வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி அவளிடம் சொல்லிவிட்டாள். பட்டப்பகலில், முக்காடு கூடப் போடாமல், அந்த மூளிக்காதோடு ஆற்று மணலில் நடந்து கோச்சடைக்கு வந்து என் வாசலில் நின்றாள்.

"ஏண்ணே, ஆத்தா காதுல கெடந்ததை ஒரு கூத்தாடி நெஞ்சுல குத்துனியா?"

நான் தரையைப் பார்த்தேன். தெருவில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. தண்ணீர் கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பிப் போனாள்.

மாப்பிள்ளை சொன்ன அடுத்த வெள்ளாமையில் நெல்லில் புகையான் பூச்சி விழுந்தது. அதற்கு அடுத்ததில் கிணற்றை ஆழப்படுத்தினார். தண்டட்டி வரவே இல்லை. அவள் மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் போய், தொங்கும் காதை அறுத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். நாகரிகத்துக்காகச் செய்துகொண்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாள்போக்கில் என்னோடு பேசவும் தொடங்கினாள்.

ஏழெட்டு வருஷம் போனது. யுத்த காலம். ஒரு நாள் மத்தியானம் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை பழையபடி யார் பெரியவர் என்று ஆரம்பித்தார். காப்பி கிளப்பில் இப்போது புதிய சினிமாக்காரர்கள் பெயர்கள் அடிபட்டன. அவர் மட்டும் அந்த மேடைக்காரரை விடவில்லை. எனக்கு என்னவோ பொறுக்கவில்லை. இத்தனை நாள் மூடி வைத்ததைக் கொட்டிவிட்டேன். பிஸ்கட் டப்பா, முலாம், தரகர் வந்து வாங்கிப் போனது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெட்கப்படுவார், ஒரு நிமிஷமாவது தலையைக் குனிவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் எச்சில் கையோடு துள்ளி எழுந்தார். "அப்ப அந்தத் தரகர் குத்துனது பித்தாளையா?"

"ஆமா."

"ரெண்டு பேரு நெஞ்சுலயும் நெசத் தங்கம் ஒண்ணே ஒண்ணுதானா? அதுவும் நம்ம ஆளு நெஞ்சுலயா?"

"ஆமா மாப்ள, அது..."

"அப்ப யாரு மச்சான் பெரிய ஆளு? இம்புட்டு வருசமாச் சொல்லாம இருந்திருக்கியே, பாவி!" கையைக் கழுவினாரோ இல்லையோ, துண்டை எடுத்துக்கொண்டு காப்பி கிளப்பை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். தரகர் இன்னும் அங்கே வருகிறவர்தான்.

தங்கை அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். குழம்புச் சட்டியோடு வந்து என் எதிரே நின்றாள்.

"அந்த டப்பா தொறந்தா கெடந்துச்சு?"

"ஆமா."

"ஒங் கைக்கு எட்டுறாப்புல?"

"ஆமா."

"என்ன வேணும்னு அந்தாளே கேட்டாரா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நீ ஒண்ணும் வேணாம்னுட்ட."

அதற்கும் தலையை ஆட்டினேன். அவள் குழம்பை ஊற்றவில்லை. சட்டியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய், "மாமா சோத்தைப் பெசையாம ஒக்காந்திருக்காரு, போயி ஊத்து" என்று மகளிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகிறேன். வந்தாரா, சாப்பிட்டாரா, எப்போது கிளம்புகிறார் என்று எல்லாவற்றையும் மகளிடம்தான் கேட்கிறாள். நானும் அந்தப் பெண்ணிடமே பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.