கவரிங் கேட்டவளுக்குத் தங்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். என்னோடு வேலை பார்த்த ஒருத்தியும் நானும் ஐந்து வருடம் ஒரே அறையில் குடியிருந்தோம். அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள். பெருமுக்கல் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறவர். எனக்கு முகையூர்ப் பக்கம். அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீட்டுக்குப் பொங்கலுக்கு மட்டும் போவேன். மற்ற நாட்களில் எனக்கு வீடு என்றால் அந்த அறைதான், அந்த அறை என்றால் அவள்தான்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு விழுப்புரத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே அவளாகத்தான் பேச்சை எடுத்தாள்.

“அக்கா, எனுக்கு இன்னா வாங்கித் தரப்போற?”

“நீயே சொல்லு.”

“கவரிங்ல ஒரு ஆரம் வாங்கிக் குடு. நல்லா நீளமா, தொப்புள் வரைக்கும் தொங்கணும்.”

“கவரிங்கா? கல்யாணத்துக்கா?”

“அப்பாவால அஞ்சு பவுனுதான் முடியும். அது மாப்ள வீட்டுக்கும் தெரியும். ஆனா பந்தல்ல ஊரே உக்காந்து பாக்கும்க்கா. கழுத்து மூளியா இருந்தா அப்பாதான் தலை குனிவாரு. அன்னிக்கு ஒரு நாளு மினுக்குனா போதும்.”

சரி என்றேன். அடுத்த விடுமுறை நாளில் விழுப்புரம் போனேன். திண்டிவனத்திலும் கடைகள் உண்டு. ஆனால் வாங்குவதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

கவரிங் கடைக்காரர் ஐந்தாறு ஆரங்களைச் சிவப்புத் துணிமேல் பரப்பினார். மாங்காய் அச்சு வைத்த ஒன்று அவளுக்கென்றே செய்தது போல இருந்தது. எவ்வளவு நாள் நிறம் நிற்கும் என்று கேட்டேன்.

“ஆறு மாசம் கேரண்டிம்மா. வேர்வை படாம வெச்சிக்கினா ஒரு வருசம்கூட ஓடும்.”

ஒரு வருடம். அந்தச் சொல் என்னை என்னவோ செய்தது. ஒரு வருடத்தில் கறுத்துவிடும். கறுத்ததைப் பழைய துணியில் சுருட்டி எங்கேயாவது போட்டுவிடுவாள். பிறகு என்னை நினைக்க அவளிடம் என்ன இருக்கும்? ஆரத்தைத் துணிமேலேயே வைத்துவிட்டு, “அப்பறம் வர்றேன்” என்று எழுந்தேன்.

நாலு கடை தள்ளி ஒரு நகைக்கடை. அங்கே அரைப் பவுனில் ஒரு ஜோடித் தோடு எடுத்தேன். என் சேமிப்பில் பெரும்பகுதி அதோடு போனது. வருத்தமே இல்லை. தங்கத்தை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். அவள் காதில் நான் கடைசிவரை இருப்பேன். அப்படித்தான் நினைத்தேன். அவள் கேட்டது எது, அவளுக்குத் தேவை எது என்பதையெல்லாம் பேருந்து திண்டிவனம் வந்து சேரும்வரை நான் யோசிக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவள் ஊருக்குக் கிளம்பிய மாலை சின்னப் பெட்டியைக் கையில் கொடுத்தேன். திறந்தவள் தோட்டை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தங்கமாக்கா? இவ்ளோ எதுக்கு?” என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, “ஆரம் கெடைக்கலையா?”

“நல்லதா ஒண்ணும் கெடைக்கல” என்றேன்.

வேறு ஆரம் தேட அவளுக்கு நாள் இல்லை. அதை நான் மறுநாள்தான் உணர்ந்தேன்.

கல்யாணம் மயிலத்தில், மலைக்கோயிலில். கூட்டேரிப்பட்டில் இறங்கித் தனியாக நடந்து போனேன். மணமேடையில் அவள் கழுத்தில் ஒரு சங்கிலியும் மெல்லிய நெக்லஸும் மட்டும் கிடந்தன. என் தோட்டை யாரும் பார்த்திருக்க முடியாது. இரண்டு பக்கமும் பூச்சரம் காதை மறைத்துத் தொங்கியது. எனக்கு முன்னால் நின்ற மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “பொண்ணு லட்சணமாத்தான் கீது. கழுத்துதான் வெறிச்சுனு கீது” என்றார். மெதுவாகச் சொல்லவில்லை. அவள் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் முந்தானையை இழுத்துக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

பந்தியில் இரண்டு பக்கமும் தெரியாதவர்கள். பாயசம் வருமுன் எழுந்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் அவளுக்கு விழுப்புரம் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றல் கிடைத்தது. வெளியூருக்கு டிரங்க் கால் போடும்போது லைனில் அவள் குரல் வரும். ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். “திண்டிவனம், சாப்டியா?” என்பாள். “சாப்டேன் விழுப்புரம்” என்பேன். சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டிருப்பார், அதற்குமேல் பேச முடியாது. அந்த இரண்டு வார்த்தைக்காக டூட்டி மாற்றிக்கொண்ட நாட்கள் உண்டு.

மறு வருடம் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் சின்ன வீடு. மாமியார் காபி கொடுத்துவிட்டு எங்களோடேயே உட்கார்ந்துகொண்டார். அவள் காதில் இருந்தவை ஏதோ பிளாஸ்டிக் கம்மல்கள். என்னை பஸ் ஏற்ற வந்தபோதுதான் கேட்டேன்.

“தோடு எங்கடி?”

“நாத்தனாருக்குப் போட்டு அனுப்பிட்டாங்கக்கா. ஆவணில அவளுக்குக் கல்யாணம் ஆச்சி.”

“உன்னக் கேக்கலையா?”

“கேட்டாங்க. நான்தான் கழட்டிக் குடுத்தேன். தங்கமாச்சே, மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “கவரிங்கா இருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கறுத்தாலும் என்கிட்டயே கெடந்திருக்கும்.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். என்னால் அடக்க முடியவில்லை.

“ஆரம் கெடைச்சிதுடி. நல்லதாவே இருந்துச்சி. நான்தான் வாங்கல.”

“தெரியும்க்கா” என்றாள்.

“ஏன்னு கேக்கலையே?”

“அதுவும் தெரியும்.” என் கையை ஒரு முறை பிடித்து விட்டாள். “பஸ்ஸு வந்துடுச்சி பாரு. ஏறு, ஜல்தி.”

முதல் குழந்தை பிறந்ததும் அவள் வேலையை விட்டுவிட்டாள். இரண்டு பொங்கலுக்குக் கார்டு வந்தது. பிறகு இல்லை, நானும் எழுதவில்லை.

ஒருத்தியாக எதற்குக் கிடக்கிறாய், வேறு யாரையாவது சேர்த்துக்கொள் என்று வீட்டுக்கார அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிய பெண்கள் இரண்டு பேர் வந்து அறையைப் பார்த்தார்கள். காற்றோட்டமாக இருக்கிறது என்றார்கள். இல்லாத தண்ணீர்க் கஷ்டத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.