செம்மஞ்சள் மூன்று கால்

மற்றவர்களுக்குப் பயம் நெஞ்சில் இருக்கும், அல்லது வயிற்றில் இருக்கும். என் கணவர் றஜித்துக்கு வலது கையில் இருக்கிறது. பச்சை உடுப்புப் போட்ட ஆமிக்காரர் ஒருவர் சந்தியில் தெரிந்தால் போதும், விரல்கள் தாமாக ஆடத் தொடங்கிவிடும். சண்டையில் செல் வெடித்துத் தோளுக்குள் பாய்ந்து கிடக்கும் துண்டு நரம்பை அழுத்துகிறது என்று டொக்ரர் சொன்னார். நரம்போ நாசமோ, கலியாணம் கட்டின நாளிலிருந்து பார்க்கிறவள் நான். அது பயம்தான்.

அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் படம் எடுப்பது. முல்லைத்தீவுக் கரையில், கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத குடும்பத்தில் பிறந்து, வள்ளத்தில் ஏறப் பயந்து கமராவைத் தூக்கிய மனிதர். அதைச் சொல்லி நான் கேலி செய்யாத நாளில்லை. ஆனால் நல்ல கண். கலியாண வீடு, மாதா கோயில் முதல் நன்மை, பிறந்தநாள் என்று பத்துப் பதினைந்து ஊருக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு ஆமியைக் காணாத நேரத்திலும் கை ஆடத் தொடங்கியது. படமும் ஆடியது. ஸ்ரூடியோக்காரர் ஒருநாள் கூப்பிட்டு, "கலியாணப் பொம்பிளைக்கு நாலு கண் தெரியுது றஜித். இனி நீர் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர் பின்னேரம் வரை எழும்பவில்லை. அந்த மனிதரிடமிருந்து கமராவையும் பறித்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

அந்த நேரத்தில்தான் கொழும்பில் ஒரு சுற்றுலாக் கொம்பனிக்காரர் போன் எடுத்தார். இவர் பொழுதுபோக்குக்கு எடுத்த பறவைப் படங்களை எங்கேயோ பார்த்திருக்கிறார். கூழைக்கடா தன் குஞ்சுக்கு இரை தீத்துகிற படம் ஒன்று வேண்டுமாம். குஞ்சின் சொண்டு துல்லியமாகத் தெரியவேண்டுமாம். அது பிடித்துக்கொண்டால் தொடர்ந்து வேலை. "ஓம், தாறன்" என்று சொல்லி போனை வைத்தவரின் கை ஆடிக்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, ஆடாத சாமான் ஒண்டில கமராவைப் பூட்டினால் என்ன?" என்றேன். அப்படித்தான் கிளிநொச்சிக்கு ரைபொட் என்கிற மூன்று கால் தாங்கி வாங்கப் போனோம்.

கடைக்காரர் விஜிதரன் தெரிந்த பிள்ளை. முதலில் ஒரு பெரியதை விரித்தார். "அண்ணை, இது புயலுக்கும் அசையாது." இவர் தூக்கினார், முகம் கோணியது. செல் துண்டு கிடக்கிற தோளில் அதைச் சுமந்து குளக்கட்டால் நடந்தால் பறவை எடுக்கிறதுக்குப் பதிலாக அம்புலன்ஸ்தான் எடுக்கவேண்டும். இரண்டாவது கார்பன். விரலால் தூக்கலாம். விலையைக் கேட்டதும் நானே திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். மூன்றாவது மெல்லிய அலுமினியம், ஐந்தாக மடிந்து முழங்கை நீளத்துக்கு வந்தது. விலையும் எங்களுக்கு எட்டியது. "காத்தடிச்சால் கொஞ்சம் ஆடும், மெல்லிசுதானே. நடுவில கொழுக்கி இருக்கு, பாரமான பை ஒண்டைத் தொங்கவிடுங்கோ" என்றார் விஜிதரன்.

ரப்பர் பாதத்தைத் திருகிக் காட்டினார். உள்ளேயிருந்து கூரான இரும்பு முனை வெளியே வந்தது. "காடு கரையில மண்ணில குத்தி நிறுத்தலாம்."

"குத்துறதோ? எங்கட மண்ணிலயோ?" என்று நான் கத்திவிட்டேன். "அதை உள்ளுக்க விடும்! மண்ணுக்குள்ள இன்னும் என்ன மிதிவெடி கிடக்கோ ஆருக்குத் தெரியும்!"

விஜிதரன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மூன்று முனைகளையும் உள்ளே இறுக்கி விட்டார். அவரும் இங்கத்தை ஆள்தானே.

எல்லாம் சரி, ஆனால் நிறம் கறுப்பு. அதை உறையில் போட்டு இவர் தோளில் கொழுவிப் பார்த்தார். கண்ணாடிக் கதவில் அவர் நிழல் விழுந்தது. தோளுக்குப் பின்னால் துவக்குக் குழல் மாதிரிக் கறுப்பாக நீட்டிக்கொண்டு நின்றது. பற்றைக்குள் இருந்து அதிகாலையில் அப்படி ஒருவர் எழும்பினால், தூரத்தில் நிற்கிறவன் என்ன நினைப்பான்? இவர் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"வேற நிறம் இல்லையோ?"

விஜிதரன் விளக்கம் கேட்கவில்லை. பின்னறைக்குப் போய் அதே சாமானைச் செம்மஞ்சள் நிறத்தில் தூசி தட்டிக்கொண்டு வந்தார். "கலியாண வீட்டுக்குக் கொண்டுபோக வெக்கமாம், ஒருத்தரும் வாங்குறாங்களில்லை. குறைச்சுத் தாறன்."

கதிர்காமத்துக் காவடி மாதிரி இருந்தது. ஆனால் அதைத் துவக்கென்று ஒரு குருடனும் நினைக்கமாட்டான். வாங்கினோம்.

கூழைக்கடாக்கள் கூடு கட்டுகிற குளத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், அந்த ஊர் ஆட்களுக்குக் கரைச்சல் வரும். மல்லாவிக்கு அங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் கூடப் போனேன். பைக்கின் பின்னால் பொம்பிளை இருந்தால் ஆமிக்காரர் மறிக்கமாட்டார்கள் என்பது என் கணக்கு. ரைபொட்டை மார்க்கெட் பையில் வைத்து மேலே முருங்கைக்காய்க் கட்டொன்றையும் செருகினேன். அப்படியும் மாங்குளத்துக்குக் கிட்ட ஓர் ஆமிக்காரன் கையை நீட்டினான். பைக் நிற்கும்போதே இவருடைய கை ஹாண்டிலில் படபடத்தது. நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். அவன் பையைத் திறந்தான், முருங்கைக்காயை விலக்கினான், செம்மஞ்சள் காலைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். "கமரா ஸ்ராண்ட்? ஷோக்!" என்று மெச்சிப் போகவிட்டான்.

"பாத்தியோ ரூபினி, நிறம் காப்பாத்திப் போட்டுது" என்றார் இவர், கொஞ்சத் தூரம் போன பிறகு.

குளத்துக்குள் நின்ற பட்டமரங்களில் கூழைக்கடாக்கள் நிறைந்திருந்தன. இவர் வயல் வரம்பு குளக்கட்டைத் தொடுகிற இடத்தில் மூன்று காலையும் விரித்தார். கொழுக்கியில் பையைத் தொங்கவிட்டார். கமராவைப் பூட்டி, கையை எடுத்தார். படம் ஆடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த முகத்தைக் கண்டேன்! குஞ்சு இன்னும் வாய் திறக்கவில்லை. காத்திருந்தோம்.

வயலின் மற்றப் பக்கத்தில் ஒரு மனிசி மண்வெட்டியோடு நின்றா. எங்களைப் பார்த்தா. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினா. "என்னப்பா, ஏன் அவா ஓடுறா?" என்று நான் கேட்டு முடிக்கவில்லை, திரும்ப வெளியே வந்து எங்களை நோக்கி ஓடிவந்தா. சேலை வரம்பில் சிக்கி விழுந்தா, எழும்பினா. வந்த வேகத்தில் இவருடைய காலடியில் விழுந்து, ரைபொட்டின் ஒரு காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டா.

"சேர், வேண்டாம் சேர்! அளக்காதேங்கோ சேர்! எங்கட காணி சேர், உறுதிப் பத்திரம் இருக்கு சேர்!"

"அம்மா, எழும்புங்கோ. நாங்கள் அளக்க வரேல்லை. இது கமரா. பறவையைப் படம் எடுக்க வந்தனாங்கள்" என்றார் இவர்.

"அவையும் படம் எண்டுதான் சொன்னவை! இதே நிறம். இதே மூண்டு கால். இந்த வரம்பிலதான் வச்சவை. பிறகு எல்லைக் கல்லு வந்தது. என்ர தம்பியின்ர வயல் கல்லுக்கு அங்கால போட்டுது. சொந்த வயலில கால் வைக்கேலாமல் இப்ப மேசன் வேலைக்குப் போறான், சேர்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அரசாங்கத்துக்குக் காணி அளக்க வருகிறவர்களின் கருவியும் மூன்று காலில், இதே நிறத்தில்தான் நிற்கும். என்ர மாதாவே, துவக்கு மாதிரித் தெரியக்கூடாது என்று தேடித்தேடி வாங்கினோமே!

அவா வீட்டுக்குள் ஓடினது போன் எடுக்கத்தான் போல, உழவு இயந்திரச் சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பேர் பெட்டியில் நின்றுகொண்டு வந்தார்கள். முன்னால் குதித்தவன் அவாவின் மகன் லக்ஷன். போனை இவருடைய முகத்துக்கு நேரே பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே, "ஆர் அனுப்பினது? எந்த அரசாங்கக் கந்தோர்?" என்று கத்தினான்.

"கந்தோரோ? கந்தோர் ஆக்கள் முருங்கைக்காயோடயோ வாறவை?" பையை உருவி வரம்பில் கொட்டினேன். பயத்தில் எனக்கு வாய்தான் நீளும். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவன் கமராவில் கை வைத்தான். இன்னொருவன், "தூக்கிக் குளத்துக்குள்ள எறியடா" என்றான். இவர் கமராவைக் கழற்றப் பார்த்தார். முடியவில்லை. கை அப்படி ஆடியது. திருகாணியைப் பிடித்த விரல்கள் வழியாக நடுக்கம் கீழே இறங்கி மூன்று காலும் கிடுகிடுவென்று ஆடின. இவரை இங்கேயே அடித்துப் போடப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

காலைக் கட்டிப் பிடித்திருந்த மனிசி அந்த ஆட்டத்தை உணர்ந்திருக்கவேண்டும். தலையை நிமிர்த்தி இவருடைய கையைப் பார்த்தா.

"விடுங்கோடா அவனை" என்றா. "இவன் அளக்க வந்தவன் இல்லை."

"அம்மா, உனக்கென்ன தெரியும்?"

"அளக்க வாறவைக்குக் கை நடுங்கிறேல்லையடா."

லக்ஷன் போனைக் கீழே இறக்கினான். அந்த மனிசியின் பெயர் அன்னபாக்கியம் என்று பிறகுதான் தெரிந்தது. "படத்தை எடுங்கோ தம்பி. ஆனா இந்தக் காலை மடியுங்கோ. இதைக் கண்டால் ஊரில ஒருத்தருக்கும் சோறு இறங்காது" என்றா.

இவர் மடித்தார். கமராவை என் தோளில் வைத்து, "மூச்சை அடக்கு" என்றார். அடக்கினேன். அந்த நேரம் பார்த்துக் குஞ்சு வாயைத் திறந்தது. எடுத்தார். பார்த்தோம். குஞ்சுக்கு இரண்டு சொண்டு. அவருடைய நடுக்கமோ என்னுடையதோ, ஆருக்குத் தெரியும்.

திரும்பி வரும் வழி முழுக்க அவர் பைக்கை மெதுவாக ஓட்டினார். வேலை போய்விட்டது என்றுதான் யோசிக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கொம்பனிக்காரருக்குப் போன் எடுத்து இன்னொரு கிழமை தவணை கேட்டார். பிறகு தமையனுடைய வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய கறுப்புப் பெயின்ற் வாளியைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். மூன்று காலையும் இழுத்து நீட்டினார். பூசத் தொடங்கினார்.

"உங்களுக்கு விசரோ?" என்று பாய்ந்தேன். "பற்றைக்குள்ள இருந்து இதோட எழும்பினால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்? சுட்டுப் போடுவான்! எனக்கு ஆர் இருக்கினம்?"

"என்னவும் நினைக்கட்டும். பயப்பிடுறது எனக்குப் பழகிப்போச்சு ரூபினி." தூரிகையை நிறுத்தவில்லை. "ஒரு மனிசி என்ர காலுக்குள்ள விழுந்து கும்பிட்டவா. என்னைப் பாத்துப் பயந்தவா. என்னை, சேர் எண்டு கூப்பிட்டவா."

பூசாத காலை அவருக்கு வாகாகத் தூக்கிப் பிடித்தேன். பயத்தில் என் கையும் ஆடியது.