ரோமர் வீட்டுக் குசினியில் திராட்சை வற்றல்

இரண்டாயிரங்களின் நடுவில் மொன்ட்ரியாலில் பழம்பொருள்கள் காட்டும் ஒரு நூதனசாலையில் துப்புரவு வேலை செய்தேன். அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. மொன்ட்ரியால்-நோர் பகுதியில் எங்கள் கட்டடத்தில், எங்களுக்கு இரண்டு மாடி மேலே குடியிருந்தார். நான் வாய் திறக்காதவன் என்று தெரிந்தும், "நல்ல பொடியன், வேலைக்குக் கள்ளமில்லை" என்று பொறுப்பாளரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். பொடியனுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது.

அந்தக் குளிர்காலம் பழைய ரோமர்களின் வீடு ஒன்றைப் பெரிய மண்டபத்துக்குள் கட்டி வைத்திருந்தார்கள். ஆட்கள் உள்ளே நடந்து பார்க்கலாம். வாசலைத் தாண்டினால் கூடம். கூரையின் நடுவில் சதுரமாக ஒரு திறப்பு, மழைநீர் விழுவதற்கு அதன் கீழே ஒரு தொட்டி. சுற்றிவர ஜன்னல் இல்லாத சின்னப் படுக்கையறைகள். விருந்தாளிகள் காணும் கூடத்துச் சுவரெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் படங்கள். குசினி மட்டும் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. புகைக்கூடு இல்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே கக்கூஸ்.

"உலகத்தை ஆண்ட சனமாம், தம்பி," என்றார் அண்ணை. "என்ர மனிசி இதைப் பாத்தாவெண்டால் இனிப் பீட்சா வாங்க விடமாட்டா."

"சமைச்சது அடிமையள்தானே, அண்ணை."

"அதுதான் ஒருத்தரும் கேக்கேல்லை."

குசினிச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. அதற்குள் இரண்டு இளைஞர்கள் ஆடுவது போலவும், கீழே ஒரு பாம்பு நெளிவது போலவும் தீட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு மண்தட்டு. வீட்டைக் காக்கும் தெய்வங்களுக்கு வீட்டுக்காரரும் அடிமைகளும் அதில் உணவு படைத்தார்கள் என்று, அண்ணை பிரெஞ்சுப் பலகையை வாசித்துச் சொன்னார். பிறகு பாம்பைப் பார்த்து, "எங்கட சாமியறைதான்" என்று ஒரு கும்பிடு போட்டார். விளையாட்டா உண்மையா என்று எனக்கு விளங்கவில்லை. நான் மன்னார்க் கத்தோலிக்கன், அண்ணையின் பேச்சில் வேதக்காரன். மொப்பைப் பிழிந்தேன்.

எங்கள் வேலை விடியற்காலையில் தொடங்கி, கதவு திறக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பார்வையாளர்களை நாங்கள் காண்பதில்லை. அந்த வீடு திறந்த மூன்றாம் வாரம் ஒரு காலை, அந்த மண்தட்டில் ஐந்து திராட்சை வற்றல் கிடந்தது.

மண்டபத்துக்குள் சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் கொண்டுபோகக் கூடாது. பூச்சி வந்தால், கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் உண்மையான பழைய மரச்சாமான்களை அரித்துவிடும் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். நான் வற்றல்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஐந்து.

அந்த வெள்ளிக்கிழமை இடைவேளையில் அண்ணை ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். "கோயில் பிரசாதம், தம்பி. வேதக்காரனெண்டாலும் இனிப்பு இனிப்புத்தான்." பிரித்தேன். கற்கண்டும் திராட்சை வற்றலும்.

அதற்குப் பிறகு என் கண் அவரை விடவில்லை. குசினிப் பக்கம் எத்தனை தரம் போகிறார், போகும்போது கை பையில் இருக்கிறதா, வரும்போது நெற்றித் திருநீறு கலைந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு நாள் அவருக்கு முன்பே வந்து பார்த்தபோதும் வற்றல் தட்டில் இருந்தது. நேற்றுப் போகும்போது வைத்திருப்பார் என்று நினைத்தேன். அவருடைய நேர்மைக்குச் சாட்சியாக வந்ததையும் அவருக்கு எதிராகவே திருப்பிக்கொண்டேன்.

நான் லீவில் நின்ற ஒரு திங்கட்கிழமை, பொறுப்பாளரே வற்றலைக் கண்டுவிட்டார். கியூபெக்காரப் பெண்மணி, கண்டிப்பானவர். மறுநாள் எங்களைத் தனித்தனியே கூப்பிட்டார். அண்ணையை முதலில், பிறகு என்னை. யாரென்று தெரியாவிட்டால் இரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வரும் என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அவரா?" என்று கேட்டார்.

பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த கொஞ்சச் சொற்களில் 'இருக்கலாம்' என்பதும் ஒன்று. அதைச் சொன்னேன்.

அடுத்த நாள் அண்ணை வரவில்லை. அவரை நிறுத்திவிட்டார்கள்.

இரவுச் சாப்பாட்டில் மனைவி கேட்டாள். "அதென்ன இருக்கலாம்? நீங்கள் கண்டனீங்களே?"

"இல்லை."

"பேந்தென்ன?"

நான் கோப்பையைக் கழுவ எழுந்தேன்.

அண்ணையின் இடத்துக்கு ஆள் கிடைக்கும் வரை என்னைப் பகலிலும் நிற்கச் சொன்னார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் ரோமர் வீட்டுக்குள் பள்ளிப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வழிகாட்டி ஒரு இளம் பெண். குசினி வாசலில் பிள்ளைகளை நிறுத்தி, கையிலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்து ஐந்து பேருக்கு ஆளுக்கொரு வற்றல் கொடுத்தாள். அவர்கள் எட்டி எட்டித் தட்டில் வைத்தார்கள். ரோமர் வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று சொல்கிறாள் என்பது எனக்கே விளங்கியது. இதைத் துப்புரவுப் பகுதிக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பொறுப்பாளரின் கதவை அன்றுதான் முதன்முதலாகத் தட்டினேன். "அவர் இல்லை. பிள்ளைகள்," என்றேன். அதற்கு மேல் சொல் வரவில்லை. கையால் கூப்பிட்டு அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார். பிறகு வழிகாட்டியைத் திட்டினார். பிறகு போய் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார்.

வேலை முடிந்து வந்ததும் நான் இரண்டு மாடி ஏறி அண்ணையின் கதவடிக்குப் போனேன். இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்து திறந்தார்.

"வா தம்பி. திங்கள் வரச் சொல்லீட்டினம். பிள்ளையளெண்டு நீதான் கண்டுபிடிச்சுச் சொன்னனியாம்."

"ஓம், அண்ணை."

"இருந்து தேத்தண்ணி குடி."

நான் இருக்கவில்லை. "அண்ணை, நீங்கள்தான் வச்சதெண்டு நினைச்சனான். பொறுப்பாளர் கேக்கேக்க, இருக்கலாம் எண்டு சொல்லிப்போட்டன்."

அவர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நானும் நீயெண்டுதான் நினைச்சனான்," என்றார். "நீங்கள் வேதக்காரர், சொரூபத்தைக் கண்டால் பாணும் வைப்பியள், மெழுகுதிரியும் வைப்பியள். அதோட நீ குசினியைக் கூட்டுறதெண்டால் எப்பவும் முன்னுக்கு ஓடுவாய்."

"அவ உங்களிட்டையும் கேட்டவவோ?"

"கேட்டவ. நீயோ எண்டு பேர் சொல்லித்தான் கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"தெரியாதெண்டனான். தெரியாதுதானே."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி, ஆர் வந்தது என்று கேட்டார். "கீழ் வீட்டுத் தம்பி," என்றார் அண்ணை. தன் குடும்பத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்வது போல, எப்போதும் சொல்லும் அதே குரலில்தான் சொன்னார். ஆனால் தேத்தண்ணி குடி என்று இரண்டாம் தரம் சொல்லவில்லை.