கிளட்ச்சுக்குள் புகுந்த காற்று

கம்பியில் இயங்கும் கிளட்ச் கெட்டால் வண்டிக்காரர் கஷ்டப்படுவார். எண்ணெயில் இயங்கும் கிளட்ச் கெட்டால் மெக்கானிக் கஷ்டப்படுவான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை ஒட்டி என் பட்டறை. பழைய வெளிநாட்டு பைக்குகள் சிலவற்றில் கிளட்ச்சுக்குக் கம்பி கிடையாது. லிவரைப் பிடித்தால் குழாயில் இருக்கும் பிரேக் ஆயில் நகர்ந்து, கீழே கிளட்ச்சைத் தள்ளும். அதற்குள் ஒரு குமிழி காற்று புகுந்தால் போதும், லிவர் கொளகொளவென்று ஆகிவிடும். அந்தக் காற்றை வெளியே விரட்டுவதற்கு ‘ஏர் எடுக்கிறது’ என்று பேர். ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்து, “இதுக்கா இவ்வளவு நேரம்?” என்று பேச்சு வாங்கியவர்கள் யாராக இருந்தாலும் என் கட்சிதான்.

சுத்தமான சரக்கு

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி வண்டியை டெம்போவில் ஏற்றி வந்தார். லிவர் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மேலே இருக்கும் ஆயில் டப்பாவைத் திறந்தேன். கோயில் விளக்கு வாசம் வந்தது. ஆயில் குறைந்திருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்! உள்ளே இருந்த ரப்பர் எல்லாம் ஊறி, பணியாரம் மாதிரி உப்பிவிட்டது.

எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, புது ரப்பர் எங்கெங்கோ தேடி வாங்கிப் போட மூன்று வாரம் ஆயிற்று. வண்டியைக் கொடுக்கும்போது, “பிரேக் ஆயில் தவிர எதையும் ஊத்தாதீங்க” என்று கைகூப்பாத குறையாகச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“ஏனுங்க, நம்ம செக்குல ஆட்டுனதுங்க. கலப்படம் ஒரு சொட்டு இல்லீங்க.”

ஒரு செகண்ட்

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லிவரை இறுக்கிப் பிடித்திருக்க, இன்னொருவர் கீழே நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூடும் முன் லிவரை விட்டால், போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

ஒரு நாள் வண்டிக்குச் சொந்தக்காரரே “நான் புடிக்கிறனுங்க” என்று உட்கார்ந்தார். கல்யாணத் தரகர். நான் நிப்பிளைத் திறந்ததும் அவர் போன் அடித்தது. லிவரை விட்டுவிட்டு, “பையன் நல்ல பையனுங்க” என்று ஆரம்பித்தார். முதலிலிருந்து எடுத்தேன். மறுபடியும் போன், மறுபடியும் நல்ல பையன். மூன்றாவது தடவை எனக்கு அந்தப் பையன் மேலேயே கோபம் வந்தது. போனை வாங்கி டூல்ஸ் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

“கையை எடுத்தது ஒரு செகண்டுங்க. அதுக்குள்ள காத்து எப்படிங்க புகும்?”

கோத்தகிரி ரோடு

இது என் தப்பு. கோட்டைமேட்டில் மசாலாக் கடை வைத்திருக்கும் நசீர் பாய், “மத்தியானத்துக்குள்ள வேணுமுங்க, தங்கச்சிக்குக் கோத்தகிரியில ஆபரேசன்” என்றார். ஏர் எடுத்தேன். லிவர் தொய்யாமல் நன்றாக நின்றது. இன்னும் அரை மணி நேரம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டேன்.

மலையில் ஒரு வளைவில், முன்னால் போன பஸ் நின்றிருக்கிறது. பாய் கிளட்ச்சைப் பிடித்தார்; லிவர் வெறுமனே கைக்கு வந்தது, கிளட்ச் விடுபடவில்லை. பிரேக்கை அழுத்தியும் வண்டி உந்திக்கொண்டு பஸ்ஸை நோக்கிப் போக, மலைப்பக்கம் திருப்பி ரோட்டோர ஓடையில் விழுந்திருக்கிறார். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. சாவியை ரோட்டோரம் கேரட் விற்கும் அம்மணியிடம் கொடுத்துவிட்டு, எனக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, அடுத்த பஸ் பிடித்து மேலே போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மேட்டுப்பாளையம் போய் பஸ் மாறி அங்கே போனேன். நான் கீழே நிப்பிளையே நம்பியிருந்தேன். காற்றோ லிவருக்குப் பக்கத்தில் குழாய் சேரும் உச்சியில் ஒளிந்திருந்தது. அங்கே போல்ட்டைத் தளர்த்தியதும் ஒரே ஒரு குமிழி புஸ்ஸென்று வந்தது. இந்தக் குமிழிக்கா ஒரு மனுசன் உயிர் போகப் பார்த்தது? அந்த வளைவிலேயே நான்கு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கட்டுப் போட்ட கையோடு பாய் வெளியே வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே அவர் பேசினார்.

“தங்கச்சி கண்ணு முழிச்சுட்டாளுங்க. வண்டிக்கு எப்படி இருக்குது?”

ஊசி

போன மாதம் ஒரு கால்நடை டாக்டரம்மா தன் வண்டியைக் கொண்டுவந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏர் எடுத்தும் லிவர் நிற்கவே இல்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “காத்து மேல போறதுதானுங்களே? கீழ இருந்து ஆயிலை ஏத்துனா என்னங்க?” என்றார். பையிலிருந்து மாட்டுக்குப் போடும் பெரிய புது ஊசிக்குழல் ஒன்றை எடுத்தார். ஒரு டியூபை மாட்டி, நிப்பிள் வழியாக மெதுவாக ஆயிலை ஏற்றினார். மேலே டப்பாவில் குமிழி குமிழியாக வந்தது. ஐந்தே நிமிடம். லிவர் கம்பீரமாக நின்றது. இருபது வருஷ மெக்கானிக் நான், கையில் ஸ்பேனரோடு நின்றேன்.

“மாட்டுக்குப் போடறதை விட இது சுலபமுங்கண்ணா. உதைக்கறதில்லை பாருங்க.”

இப்போது என் பட்டறையிலும் ஒரு ஊசிக்குழல் இருக்கிறது. ஆனாலும் அந்த மாதிரி வண்டியை யாராவது உருட்டிக்கொண்டு வருவது தூரத்தில் தெரிந்தாலே, பசிக்காவிட்டாலும் நான் சாப்பிடப் போய்விடுகிறேன்.