பேர் வராதும்மா

அந்த நாட்களில் எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமை. இரண்டாயிரத்து எட்டு வாக்கில், ஓசூர்ப் பக்கம் ஃபேக்டரிகளில் வேலை செய்கிறவர்களின் கதையை அவரவர் குரலிலேயே பதிந்து, நாங்கள் நாலு பேர் மாதம் ஒரு சிடி போட்டுக்கொண்டிருந்தோம். இணையத்திலும் ஏற்றுவோம். அதற்குப் பாட்காஸ்ட் என்று பேர் இருப்பதே எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். பேட்டி எடுப்பதில் நான்தான் கெட்டிக்காரி என்று மற்ற மூன்று பேரும் சொல்வார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

என்னிடம் இருந்த வித்தை ஒன்றே ஒன்று. எதிரில் இருப்பவர் பதில் சொல்லி முடித்த பிறகும் பேசாமல் இருப்பேன். மனசுக்குள் பத்து வரை எண்ணுவேன். அந்த மௌனம் தாங்காமல், மறைத்து வைத்ததை அவர்களாகவே சொல்லிவிடுவார்கள்.

அப்படி நான் பேட்டி எடுத்தவர்களில் ஒருத்தி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை. புருஷன் இல்லை. ஊரில் அம்மாவிடம் விட்டிருந்த மகளை அவள் சம்பளம்தான் படிக்க வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய ஒற்றை அறை வாடகை வீட்டில் உட்கார்ந்தோம். ரெக்கார்டரை நடுவில் வைத்தேன்.

"இந்தச் சிகப்பு லைட்டு எரிஞ்சா நீ பேசறது பதிவாவுதுன்னு அர்த்தம். வேணாம்னா சொல்லு, நிறுத்திடறேன்" என்றேன். ஒழுங்கெல்லாம் எனக்குத் தெரியும்!

கொஞ்ச நேரத்தில் கூச்சம் போய்விட்டது. "சூப்பர்வைசர் கன்னடத்துல வைவாரு, லைன் லீடர் தெலுங்குல வைவாரு. வையுதது மட்டும் எனக்கு எல்லாப் பாஷையிலயும் வெளங்கிரும்க்கா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். தொண்டையிலிருந்து கடகடவென்று வரும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

பிறகு, அவள் பக்கத்து மிஷினில் விரல் போன பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"அவ கை தவறி வச்சிட்டாக்கா."

நான் எண்ண ஆரம்பித்தேன். ஏழோ எட்டோ எண்ணியிருப்பேன்.

"கை தவறல்லாம் இல்ல. கை உள்ள போவாம மிஷின்ல ஒரு கம்பிக்கூடு இருக்கும்லா, டார்கெட் வரலைன்னு அன்னைக்குக் காலையில அதக் கழட்டிட்டாவ. நான் பாத்தேன்."

சொன்ன பிறகுதான் சிகப்பு லைட்டைப் பார்த்தாள். "இது வெளிய வந்தா என் சோலி போயிரும்க்கா."

"பேர் வராதும்மா. கம்பெனி பேரும் வராது."

"போடுததுக்கு முன்னால ஒரு தடவ எனக்குப் போட்டுக் காட்டுவியளா?"

"கண்டிப்பா" என்றேன்.

காட்டவில்லை. ஒரு தடவை போனேன், பூட்டியிருந்தது. ஷிப்ட் மாறியிருக்கும். இன்னொரு தடவை போக நேரம் இல்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன். அது பொய். போட்டுக் காட்டினால் அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்வாளோ என்று பயம். அந்த மாசச் சிடிக்கே உயிர் அந்த வரிதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பேர்களை எல்லாம் தேடித் தேடி வெட்டினேன். சிரிப்பை வெட்டவில்லை. அவளுடைய தெற்கத்திப் பேச்சு காதுக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அதையும் அப்படியே விட்டேன்.

சிடி கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போனது. அவள் கம்பெனியின் ஷிப்ட் பஸ் டிரைவரிடமும் ஒன்று போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் காலையில் பாட்டுக்குப் பதிலாக அதைப் போட்டிருக்கிறார். அந்தப் பஸ்ஸில் தெற்கத்திப் பேச்சு அவளுடையது ஒன்றுதான். சிரிப்பு வந்த இடத்தில் பஸ் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்ததாம். கம்பிக்கூடு வந்த இடத்தில் ஒருத்தரும் பார்க்கவில்லையாம். மூன்றாம் நாள் கேட்டில் செக்யூரிட்டி, லிஸ்ட்டில் உன் பேர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

விஷயம் தெரிந்து ஓடினேன். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "இப்பவாவது போட்டுக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். போட்டேன். தலையைக் குனிந்தபடி கடைசி வரை கேட்டாள்.

"நல்லாத்தான் பேசியிருக்கேன். அன்னைக்கே காட்டியிருந்தியன்னா, இது நாந்தான்னு எவனுக்கும் தெரிஞ்சிரும்னு சொல்லியிருப்பேன்லாக்கா."

மன்னிச்சுடும்மா என்றேன். கடைகளில் மிச்சமிருந்த சிடிகளைத் திரும்ப வாங்கினோம். யாருக்கு என்ன பிரயோஜனம்.

ஆறேழு மாசம் கழித்து, சூளகிரி பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். வேறு கம்பெனி யூனிஃபார்ம். கூட நாலைந்து பெண்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப்போனாள்.

"வேலை கிடைச்சிடுச்சாம்மா?"

"கெடச்சிட்டுக்கா" என்றாள் ரகசியக் குரலில். "பேசுனா யாரும் கண்டுபிடிச்சிருவாவளோன்னு அங்க நான் வாயே தொறக்குததில்ல. ஊமைன்னு நெனச்சிட்டாவ. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

கம்பெனி பஸ் வந்தது. கூட வந்த பெண்களில் ஒருத்தி இந்தப் பக்கம் திரும்பி, கையைத் தட்டி வா என்று சைகை காட்டினாள். இவளும் கையாலேயே இதோ வருகிறேன் என்று காட்டிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் ஏறிக்கொண்டாள்.