ஐந்து மணிக்குப் பின் ஆளில்லை

மனோரஞ்சிதத்துக்குக் கோபம் மூக்கின் மேல் என்று மட்டக்களப்பு அரசாங்க அலுவலகமான கச்சேரியிலேயே பேர். அங்கே ஒன்பது வருஷம் ரைப் அடித்தவள். மேலதிகாரி எழுதிக் கொடுத்ததில் பிழை இருந்தால் அப்படியே அடிக்கமாட்டாள். கடதாசியைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் மேசைக்குப் போய்த் திருத்த வைப்பாள். எண்பத்து நான்கில் கனடாவில் ரொறன்ரோ நகருக்கு வந்து பார்க்டேலில் ஓர் அறை எடுத்தாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மிசிசாகாவில் எட்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றைத் துடைக்கும் வேலைதான் கிடைத்தது. மாலை ஐந்திலிருந்து பத்து வரை. அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் நம்மவர்கள்.

எண்பத்தாறு மார்கழியில் கட்டட முதலாளி கீழே பொயிலர் அறையில் புது மணிக்கூடு ஒன்றைப் பூட்டினார். ஐந்து அடித்ததும் அது கட்டடத்துக்கு வரும் சூட்டை நிறுத்திவிடும். ஆறரைக்கெல்லாம் கட்டடம் ஐஸ்பெட்டிதான். வாளித் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை வலிக்கும். கோட்டும் தொப்பியுமாகக் கக்கூஸ் கழுவினார்கள். கூட வேலை செய்த புஸ்பராணிக்கு அப்போது ஐந்து மாதம், கோட்டுப் பொத்தான் வயிற்றுக்கு மேல் பூட்டாது.

மனோரஞ்சிதம் மனேஜரிடம் மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் பார்க்கிறேன் என்றார். காரணம் மூன்றாம் மாடியில் முதலாளியின் ஆபீஸ் குப்பைக் கூடைக்குள் கிடந்தது. எரிபொருளை மிச்சம் பிடிக்கும் கருவி பூட்டுகிற கட்டடத்துக்கு அரசாங்கம் வருமானவரியைக் குறைத்துக் கழிவு கொடுக்கும். அதற்கு முதலாளி போட்ட விண்ணப்பத்தின் பிரதி அது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, சுத்தமாக அடித்திருந்தார்கள்: ‘மாலை ஐந்து மணிக்குப் பின் கட்டடத்தில் ஆட்கள் இல்லை.’

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. மிச்சம் பிடிக்கட்டும், கழிவு எடுக்கட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் இது கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலையல்லவா? நடுங்குவது இவர்கள், கழிவு அவருக்கு. அதையாவது பொறுக்கலாம். பன்னிரண்டு உயிரை ஒற்றை வசனத்தில் இல்லையென்று ஆக்கினார்களே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கூட்டத்தில் மூத்தவரான இராசரத்தினத்திடம் கடதாசியை நீட்டினாள்.

“உதெல்லாம் எங்களுக்கு ஏன் பிள்ளை? அகதிக் கேஸ் முடியுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டிரும்.”

“நாம மனிசர் இல்லையா அண்ணன்? புஸ்பராணிட வயித்தில இருக்கிறதும் ஆள் இல்லையா?”

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு லிப்ற்றுக்குள் போய்விட்டார்.

தை மாதம் ஒரு புதன்கிழமை மனேஜர் வந்து, நாளைக்கு எல்லாரும் ஏழு மணிக்கு வந்தால் போதும் என்றார். மற்றவர்களுக்குச் சந்தோஷம், இரண்டு மணித்தியாலம் ஓய்வாம். ஐந்து மணிக்கு அரசாங்க அதிகாரி கருவியைப் பார்க்க வருகிறார் என்று மூன்றாம் மாடிச் செக்ரட்டரி மனோரஞ்சிதத்திடம் சொல்லியிருந்தாள். அன்று வேலை முடிந்து போகும்போது, நேரம் பதிகிற தன் கார்டைத் தட்டில் வைக்காமல் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சரியாக ஐந்துக்குப் பொயிலர் அறைக்குள் இறங்கினாள். புது மணிக்கூட்டைக் காட்டி மனேஜர் அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நேரம் பதிகிற மெஷினும் அதே சுவரில்தான், ஒரு முழம் தள்ளி. பக்கத்துத் தட்டில் ஒரு கார்டும் இல்லை, எல்லாவற்றையும் ஒளித்துவிட்டார்கள். அவள் இரண்டு பேருக்கும் நடுவால் புகுந்து தன் கார்டை மெஷினில் செருகினாள். டக்கென்று ஐந்து மணி விழுந்தது.

யார் இது என்று அதிகாரி கேட்டார். மனேஜர் வாய் திறக்கமுன் அவள் தன் கச்சேரி இங்கிலீசில் பதில் சொன்னாள்: “ஐந்திலிருந்து பத்து வரை நான் இங்கேதான் இருக்கிறேன். என்னோடு இன்னும் பதினொரு பேர்.” கார்டை அவர் கையில் கொடுத்தாள். அதில் வரிசையாக ஐந்தும் பத்தும், ஐந்தும் பத்தும். அவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

அடுத்த திங்களிலிருந்து பத்து மணி வரை சூடு வந்தது. மனோரஞ்சிதத்துக்கு வேலை போனது. சொன்ன நேரத்துக்கு வரவில்லையாம், அதுதான் காரணமாம்! மற்றப் பதினொரு பேரும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தார்கள். அவளுக்காக ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

மாசியில் புஸ்பராணி அவளுக்குப் போன் எடுத்தாள்.

“அக்கா, அதே கூடைக்குள்ள புது விண்ணப்பக் கடதாசி ஒண்டு கிடந்தது. உங்கட மாடியையும் எங்கட தலையிலதான் கட்டியிருக்காங்க.” எழுத்துக் கூட்டி வாசித்தாள்: ‘மாலை ஐந்திலிருந்து பத்து வரை கட்டடத்தில் பதினொரு பேர்.’

மனோரஞ்சிதம் வெடித்தாள்.

“பதினொண்டா? உன்ட வயித்தில இருக்கிறதோட பன்னிரண்டு புள்ள! பிழையெண்டு போய்ச் சொல்லு. அவங்களுக்கு ரைப் அடிக்கத் தெரியாட்டி, இஞ்ச அனுப்பச் சொல்லு. நான் திருத்தி அடிச்சுத் தாறன்.”