குடித்தனக்காரியும் என் தொண்டையும்

என் வீட்டுக்காரர் வாஷிங் மிஷின் மெக்கானிக். மனிதர் வாய் திறந்து பேசுவது அபூர்வம். எல்லாம் கைதான். ஓடுகிற மிஷின்மேல் உள்ளங்கையை வைப்பார், கண்ணை மூடுவார், "பேரிங் போச்சு" என்பார். போயிருக்கும். கல்யாணமான புதிதில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஜுரம் இல்ல, கோவம்" என்று சொன்னவர் இவர். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்டவர் ஆசையாக ஒரு பிராணி வளர்க்கப்போகிறேன் என்றால் நாய், பூனை என்றுதானே நினைப்பீர்கள்? கொண்டுவந்தது டாரன்டுலா சிலந்தி. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முடி, மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கிற ரகம். "அடக் கடவுளே!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. எனக்குப் பிறவியிலேயே வெண்கலத் தொண்டை.

மண் நிரப்பிய கண்ணாடித் தொட்டியை முன்னறையில், மிஷின்களைப் பழுது பார்க்கும் இடத்தில், இரும்பு ஷெல்ஃபில் வைத்தார். வந்தவள் வளை தோண்டினாள், தண்ணீர்க் கிண்ணத்தை மண்ணால் மூடினாள், உள்ளே போய்விட்டாள். வாடகையும் கிடையாது, முகம் காட்டுவதும் கிடையாது. குடித்தனக்காரி என்று நான்தான் பெயர் வைத்தேன்.

இவர் வேலைக்கு நடுவே திரும்பித் திரும்பி அந்த வளையையே பார்ப்பார். இரையாகப் போட்ட கரப்பான் அதுபாட்டுக்கு மண்ணில் உலாத்திக்கொண்டிருக்கும். ஒருநாள் வளையின் வாயை மண்ணும் நூலுமாக அவள் அடைத்தே விட்டாள். அன்றைக்கு இவர் தட்டில் இருந்ததை அளைந்துகொண்டே சொன்னார்:

"உன் சத்தத்துக்குப் பயப்படுது போல."

"என் சத்தமா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள வெளிய வரலன்னா கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துடறேன். பட்டினி போட எனக்கு மனசு வரல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். தனக்கென்று இவர் ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான். என் வாயால் அது போய்விடக் கூடாது. குசுகுசுவென்று பேசினேன். மிக்ஸியைப் பின்பக்கம் கொண்டுபோய் அரைத்தேன். அக்கா போன் செய்தால் "ம், ம்" என்றேன். "உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் சண்டையாடி?" என்று அவள் கேட்டேவிட்டாள்.

சனிக்கிழமை. ஏதோ உதிரிபாகம் வராததால் காலையிலிருந்து ஒரு மிஷினும் ஓடவில்லை. இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஷெல்ஃப் பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன். அவள் மகளுக்கு இரட்டைக் குழந்தை!

"ஐயோ என் தங்கமே! ரெண்டா! ரெண்டும் பொண்ணா!"

கத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. போனை அப்படியே வைத்துவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று திரும்பினால், குடித்தனக்காரி அடைப்பைத் திறந்து, வளைவாயில் முன்கால்களை நீட்டி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னொரு தரம் கத்து" என்றார் இவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"ரெண்டும் பொண்ணாஆஆ!"

அவள் அசையவே இல்லை. இவர் மெல்ல நடந்துபோய், சரிசெய்து வைத்திருந்த ஒரு மிஷினில் ஸ்பின்னைப் போட்டார். அது உதற ஆரம்பித்ததுமே அவள் உள்ளே. நிறுத்தினார். காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து ஒரு கால் நுனி தெரிந்தது, பிறகு இன்னொன்று. கரப்பான் பக்கத்தில் வந்ததுதான் தாமதம், லபக்!

இவர் ஷெல்ஃபில் கையை வைத்தபடி நின்றார்.

"அது நம்மள மாதிரி காதால கேக்கல. காலாலதான் கேக்குது. மிஷின் ஓடறப்பல்லாம் இந்த ஷெல்ஃபும் சேர்ந்து ஆடியிருக்கு. தினமும் பூகம்பம் காட்டினவன் நான்தான்."

"அடப்பாவி மனுஷா! அப்ப என் வாய்க்கு எதுக்குப் பூட்டுப் போட்டீங்க?"

இவர் சிரித்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு எப்படியும் திருப்பிக் குடுக்கறதாத்தான் இருந்தேன். அது வெளிய வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"ஏன்?"

"அது போயிட்டா நீ பழையபடி பேசுவ இல்ல. நீ பேசாத வீட்டுல இருக்கவே பிடிக்கல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தொட்டியைத் தூக்கி உள்ளறை மேசையில் வைத்தோம். அதற்குள் அக்காவின் போன் மறுபடி அடித்தது. "ஏன்டி பாதியில வெச்சுட்ட? என்னடி நடக்குது அங்க?" என்றாள்.

தொட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தேன்.